மருத்துவத்தின் நான்காம் கூறு

திருக்குறளில் ‘மருந்து’ என்பதோர் அதிகாரம் உண்டு. அவ்வதிகாரத்தின் இறுதியில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்துக் காட்டுகின்றார். நோயுற்றவன் ஒரு கூறு. நோயைத் தீர்க்கும் மருத்துவன் ஒரு கூறு. மருந்து ஒரு கூறு. நோயாளியின் அருகிருந்து அம்மருந்தினைப் பிழையாமல் அளிப்பவன் நான்காம் கூறு. முதல் மூன்றும் எவர்க்கும் எளிதில் தோன்றக் கூடியவை. நான்காவதனையும் அவற்றோடு ஒப்ப வைத்து எண்ணியதில்தான் அப்பெருந்தகையின் நுண்ணறிவு விளங்குகின்றது. மருந்து எத்துணைச் சிறந்ததாயினும், அஃது உரியவனிடம் உரிய காலத்தில் உரிய அளவில் சென்று சேராவிடின் பயன் தாராது. பெட்டியிற் பூட்டிய பொன் பசியைத் தீர்ப்பதில்லை. மருந்தகத்தில் அடுக்கிய மருந்தும் பிணியைத் தீர்ப்பதில்லை.

இக்கால மருத்துவ ஆராய்ச்சியிலும் இந்நான்காம் கூற்றுக்குத் தனியிடம் உண்டு. நோய்க்குக் காரணம் யாது என ஆராய்வோர் ஒரு சாரார். நோயைப் போக்கும் புதிய மருந்துகளைத் தேடுவோர் மற்றொரு சாரார். கண்டெடுத்த மருந்தை எவ்வழியிற் கொண்டு சென்றால் மிகப் பலர் பிழைப்பர் என்று ஆராய்வோர் மூன்றாம் சாரார். நோயாளியை எவ்விடத்தில் வைத்துப் பேணுவது? மருந்தை யார் கையால் அளிப்பது? நோயாளி வருமளவும் காத்திருப்பதா, அவனைத் தேடிச் செல்வதா? இவை சிறு வினாக்கள் போலத் தோன்றும். ஆயின் இவற்றிற்குக் கிடைக்கும் விடையைப் பொறுத்தே பல இலட்சம் மக்கள் வாழ்வதும் மாள்வதும் அமையும். இவ்வகை ஆராய்ச்சிக்கு உலகம் போற்றும் சான்றொன்று, 1956ஆம் ஆண்டில் சென்னை மாநகரில் தொடங்கிற்று.

காசநோய் மிகப் பழைய நோய். உடலை நாளுக்கு நாள் உருக்கி எலும்புக்கூடாக்குவதால் மக்கள் அதனை எலும்புருக்கி நோய் என்றும் அழைத்தனர். அது முன்வினைப் பயன் என்று சிலரும், குலவழியாய் வருவது என்று சிலரும் எண்ணியிருந்தனர். 1882ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 24ஆம் நாள், இராபர்ட் காக் என்னும் செருமானிய அறிஞர், கண்ணுக்குப் புலனாகாத ஒரு கிருமியே இந்நோய்க்குக் காரணம் எனப் பெர்லின் நகரில் மெய்ப்பித்துக் காட்டினார். நோயாளி இருமும்போது அக்கிருமி காற்றிற் கலந்து, அருகில் உள்ளவர் நுரையீரலுட் புகுகின்றது. பகை இன்னதென்று தெரிந்தது. எனினும் அப்பகையை அழிக்கும் படைக்கலம் அடுத்த அறுபது ஆண்டுகள் வரையிற் கிட்டவில்லை.

மருந்தில்லாத அக்காலத்தில், மருத்துவர்கள் மூன்று துணைகளை நம்பினர். தூய காற்று, நிறைந்த ஓய்வு, சத்துள்ள உணவு என்பன அவை. இம்மூன்றும் ஒருங்கே கிடைக்குமாறு ஊருக்குப் புறம்பே, மலைச்சாரலிலும் மரச்சோலையிலும் காசநோயாளர்க்கெனத் தனி மருத்துவ நிலையங்களை அமைத்தனர். அவற்றைச் சானடோரியம் என்பர். சென்னையை அடுத்த தாம்பரத்தில் 1928ஆம் ஆண்டு டாக்டர் சவுரிமுத்து என்பார் அத்தகைய நிலையம் ஒன்றைத் தோற்றுவித்தார். தாம்பரம் சானடோரியம் என்று இன்றும் ஒரு புகைவண்டி நிலையம் வழங்கி வருதல், அதன் பெருமைக்கு அறிகுறியாகும். அங்கே நோயாளிகள் பல திங்கள், சிலர் பல்லாண்டு, கட்டிலிற் கிடந்து காற்றை உண்டு காலத்தைக் கழித்தனர். சிலர் தேறினர், பலர் தேறவில்லை.

பின்னர் நல்ல காலம் பிறந்தது. 1943ஆம் ஆண்டில் ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் மருந்து கண்டுபிடிக்கப்பட்டது. அதனை ஒட்டிப் பி.ஏ.எஸ். என்னும் மருந்து வந்தது. 1952ஆம் ஆண்டில் ஐசோனியசிட் என்னும் மருந்தும் வழக்கிற்கு வந்தது. ஒரே மருந்தைக் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகி எதிர்த்து நிற்கும். இரண்டு மூன்றை ஒருங்கே கொடுத்தால் மடியும். இவ்வுண்மையும் விரைவில் விளங்கிற்று. தீராப் பிணி எனப்பட்டது தீரும் பிணியாயிற்று. ஆயின் ஒரு நாளிலோ ஒரு திங்களிலோ அன்று. ஓராண்டுக் காலம் இடைவிடாது மருந்துண்ணல் வேண்டும்.

இங்கேதான் இடர் தோன்றிற்று. மருந்து வந்த பின்னரும், காசநோயாளியைச் சானடோரியத்தில் வைத்துப் பேணுதலே முறை என்னும் கொள்கை மாறவில்லை. நம் நாட்டின் நிலையோ வேறு. 1946ஆம் ஆண்டில் வெளிவந்த போர் குழுவின் அறிக்கை, இந்தியாவில் நோயைப் பரப்பும் நிலையிலுள்ள காசநோயாளிகள் ஏறத்தாழ 25 இலட்சம் என்றும், ஆண்டுதோறும் இந்நோயால் இறப்பவர் ஏறத்தாழ 5 இலட்சம் என்றும் மதிப்பிட்டது. அவர்களுக்கென இருந்த படுக்கைகளோ ஏறத்தாழ 6,000. வகுத்துப் பார்த்தால், 400 நோயாளிக்கும் மேற்பட்டோர்க்கு ஒரு கட்டில் என்பது போதரும். ஒருவன் கட்டிலிற் படுத்திருக்க, எஞ்சியோர் எல்லாம் வாயிலில் நிற்றல் வேண்டும். அவர்களுள் பலர் நின்றவாறே மடிந்தனர்.

இன்னும் ஒன்று. கட்டில் கிடைத்தவனும் முற்றும் நற்பேறுடையவன் அல்லன். கூலி வேலை செய்து குடும்பத்தைக் காப்பவன் ஒருவன் ஓராண்டு ஊர்ப்புறத்து நிலையத்திற் போய்க் கிடந்தால், அவன் மனைவி மக்கள் யாது உண்பர்? கைக்குழந்தையுடைய தாய் ஒருத்தி சென்று விட்டால் குழந்தையை யார் வளர்ப்பர்? நோய் தீர்ந்து மீளும்போது வீடு சிதைந்து கிடக்குமாயின், அத்தீர்வு முழுத் தீர்வாகுமா?

ஆகவே, மருந்தை வீட்டிலேயே கொடுத்தால் என்ன என்னும் எண்ணம் எழுந்தது. எழுந்தவுடனே அதனை மறுக்கும் குரலும் எழுந்தது. மறுத்தவர்கள் இரக்கமற்றவர் அல்லர். நோயாளர் நலம் நாடியவரே. ஏழையின் குடிலில் காற்றில்லை, ஓய்வில்லை, நல்லுணவில்லை. அங்கு மருந்து மட்டும் என்ன செய்யும் என்று அவர்கள் வினவினர். மேற்பார்வை இல்லாத இடத்தில் நோயாளி ஓராண்டுக் காலம் மருந்தைத் தவறாது உண்பான் என்பதற்கு உறுதி யாது என்றனர். எல்லாவற்றிற்கும் மேலாக, நோயாளியை வீட்டில் வைத்திருந்தால் அவன் பிள்ளைகளுக்கும் நோய் பற்றுமே. ஒருவனைக் காக்கப் போய்ப் பலரை மாய்ப்பதாகாதா என்று அஞ்சினர்.

இரு தரத்தார் கூற்றிலும் நியாயம் இருந்தது. இத்தகைய வழக்கைச் சொல்லால் தீர்த்தல் இயலாது. உரத்த குரல் உடையவனே வெல்வான் என்னும் நிலைக்கு மக்கள் உயிரை விடலாகாது. செய்து பார்த்தே தீர்த்தல் வேண்டும். அவ்வாறு செய்து பார்க்கும் பொருட்டு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரிட்டன் நாட்டு மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் ஒன்றுகூடி, 1956ஆம் ஆண்டில் சென்னையில் காசநோய் மருந்தாய்வு நிலையம் ஒன்றை நிறுவின. உவாலசு பாக்சு என்னும் ஆங்கில மருத்துவர் அதற்குத் தலைமை தாங்கினார். இந்திய மருத்துவரும், புள்ளியியல் அறிஞரும், செவிலியரும், வீடு சென்று காணும் சுகாதாரப் பணியாளரும் அவருடன் உழைத்தனர்.

ஒப்பிட்டுப் பார்ப்பதென்பது எளிய செயல் போலத் தோன்றும். சில நோயாளரை வீட்டில் வைத்தும், சிலரைச் சானடோரியத்தில் வைத்தும் பார்த்தால் போதுமன்றோ எனலாம். போதாது. ஓர் உழவன் இருவகை விதைகளில் எது சிறந்தது என்று அறிய விரும்புகிறான் என்று கொள்வோம். ஒரு விதையை நன்செயிலும் மற்றொன்றைக் களர் நிலத்திலும் விதைத்து, விளைச்சலை ஒப்பிட்டால் உண்மை தெரியுமா? தெரியாது. அவன் கண்டது நிலத்தின் வேறுபாடே யன்றி விதையின் வேறுபாடு அன்று. அதுபோல, நோய் முற்றியவரை எல்லாம் ஒருபுறமும், இளநோயினரை எல்லாம் மறுபுறமும் சேர்த்து விட்டால், ஒப்பீடு பொய்யாகும். மருத்துவர் தம் விருப்பப்படி பிரித்தாலும், நோயாளி தம் விருப்பப்படி பிரிந்தாலும் இக்குறை நேரும். இரக்கத்தாலேயே ஒரு மருத்துவர், மிக மெலிந்தவரைக் கட்டில் உள்ள பக்கம் அனுப்பி விடக் கூடும்.

இதற்குக் கண்ட வழி திருவுளச்சீட்டுப் போன்றதொரு முறையாகும். இன்னார் இப்பக்கம், இன்னார் அப்பக்கம் என்பதை எவர் விருப்பத்திற்கும் விடாமல் குருட்டு எண்களைக் கொண்டு முடிவு செய்து, மூடி ஒட்டிய உறைகளில் முன்னரே வைத்து விடுவர். நோயாளியைச் சேர்த்துக் கொண்ட பின்னரே உறையைப் பிரிப்பர். பிரிட்டனில் ஆசுட்டின் பிராட்போர்டு இல் என்னும் புள்ளியியல் அறிஞர் இம்முறையை அமைத்துத் தர, 1948ஆம் ஆண்டில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தின் ஆற்றல் அவ்வாறே நிறுவப்பட்டது. மருத்துவ உலகில் நடுவுநிலைமை என்பதற்கு இதனினும் சிறந்த உருவம் காண்டல் அரிது. துலாக்கோல் யாரையும் அறியாதது போல, உறையுள் இருந்த எண்ணும் யாரையும் அறியாது.

சென்னை நிலையத்தார் தேர்ந்தெடுத்தவர் அனைவரும் நகரத்து ஏழை மக்கள். எல்லோர் கோழையிலும் கிருமி இருந்தது; எவரும் முன்னர் இந்நோய்க்கு மருந்துண்டவர் அல்லர். இத்தகையோர் 193 பேர் ஆராய்ச்சியிற் சேர்க்கப்பட்டனர். உறைகள் கூறியபடி, ஒரு பாதியினர் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். மற்றைப் பாதியினர் ஓராண்டுக்குச் சானடோரியத்திற்கு அனுப்பப்பட்டனர். இரு சாரார்க்கும் மருந்து ஒன்றே: ஐசோனியசிட்டும் பி.ஏ.எஸ்.-உம் சேர்ந்தது. மருந்தும் அளவும் காலமும் ஒன்றாக, இடம் மட்டுமே வேறாக இருந்தமையின், விளைவில் வேறுபாடு தோன்றினால் அது இடத்தாலே தோன்றியது எனத் துணியலாம்.

வீட்டிலிருந்தோர் கிழமைக்கு ஒருமுறை நிலையத்திற்கு வந்து மருந்தைப் பெற்றுச் செல்வர். பி.ஏ.எஸ். உண்பதற்கு எளிதன்று, அளவு மிகுதி, வயிற்றைக் குமட்டும். ஆகவே, வாங்கிய மருந்தை உண்டார்களா என்று அறிதல் இன்றியமையாததாயிற்று. சுகாதாரப் பணியாளர் முன்னறிவிப்பின்றி வீடுகளுக்குச் சென்றனர். எஞ்சிய மருந்தை எண்ணினர். சிறுநீரை வாங்கி வந்து சோதித்தனர். மருந்துண்டவன் சிறுநீரில் உரிய பொருளைச் சேர்த்தால் நிறம் மாறும். இது நோயாளியை ஐயுற்றுச் செய்த காவல் அன்று. அவனை இடைவழியிற் கைவிடாத துணையாகும். மனம் தளர்ந்தவர்க்கு ஊக்கம் உரைத்ததும், வராதவரைத் தேடிச் சென்றதும், வீட்டாரிடம் நோயின் இயல்பை எடுத்துச் சொன்னதும் இப்பணியாளரே. வள்ளுவர் எண்ணிய நான்காம் கூற்றினர் இவரன்றோ!

ஓராண்டு முடிந்தது. விளைவுகளை 1959ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியிட்டனர். சானடோரியத்தில் இருந்தோருள் 100-க்கு 92 பேர்க்குக் கோழையிற் கிருமி நீங்கி நோய் தணிந்திருந்தது. வீட்டில் இருந்தோருள் 100-க்கு 86 பேர்க்கு அவ்வாறே தணிந்திருந்தது. சிறிது வேறுபாடு உண்டு. ஆயின் மக்கள் எதிர்பார்த்த பெருவேறுபாடு இல்லை. பின்னர் ஐந்தாண்டு வரை அவர்களைத் தொடர்ந்து கண்காணித்தபோது, இரு சாரார் நிலையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது.

இவ்விளைவின் வியப்பு, இரு சாராரும் வாழ்ந்த நிலையை நோக்கினால் விளங்கும். சானடோரியத்தில் இருந்தவர்க்கு நல்லுணவு கிடைத்தது, ஓய்வு கிடைத்தது, காற்றோட்டமான இடம் கிடைத்தது. அவர்கள் உடல் எடை மிகுதியாகக் கூடிற்று. வீட்டில் இருந்தவரோ குறைந்த உணவை உண்டு, நெருக்கமான குடில்களில் வாழ்ந்து, பலர் வேலையும் செய்து வந்தனர். அங்ஙனம் இருந்தும் நோய் தணிந்தது. பல தலைமுறைகளாக மருத்துவர்கள் இன்றியமையாதன என்று நம்பிய மூன்று துணைகளும் குறைந்த இடத்திலும், தவறாது உண்ட மருந்து தன் கடனைச் செய்தது.

எல்லோரும் அஞ்சிய வினா இன்னும் எஞ்சியிருந்தது. வீட்டில் வைத்துப் பேணப்பட்டவருடைய பிள்ளைகளும் உடன்வாழ்ந்தோரும் என்ன ஆயினர்? இதனையும் நிலையத்தார் விட்டுவிடவில்லை. இரு சாராருடைய குடும்பத்தாரையும் மீண்டும் மீண்டும் சோதித்து, ஐந்தாண்டு வரை தொடர்ந்து பார்த்தனர். நோயாளி வீட்டிலேயே இருந்த குடும்பங்களில், அவன் பிரிந்து சென்ற குடும்பங்களைவிட நோய் மிகுதியாகப் பரவவில்லை. இதன் காரணமும் புலனாயிற்று. நோய் இன்னதென்று கண்டறியப்படும் முன்னரே, நோயாளி பல திங்கள் இருமிக் கொண்டு வீட்டிற் கிடந்திருக்கின்றான். பற்றவேண்டிய தீங்கு அப்போதே பெரும்பாலும் பற்றி விட்டது. மருந்துண்ணத் தொடங்கிய பின்போ, அவனிடமிருந்து தொற்றும் ஆற்றல் விரைந்து குறைகின்றது. ஆகவே குடும்பத்தைக் காக்கும் வழி, நோயாளியை ஊருக்கு வெளியே அகற்றுதல் அன்று. அவன் நோயை விரைவிற் கண்டு மருந்தைத் தொடங்குதலே.

ஆராய்ச்சியாளர் தம் முடிவைக் கூறியபோது ஒரு வரம்பும் இட்டனர். பெரும்பாலான நோயாளர்க்கு வீட்டு மருத்துவமே போதும் என்றனர். அதற்கேற்ற பணியமைப்பு இருத்தல் வேண்டும் என்பதையும் உடன் கூறினர். மருந்தைக் கையிற் கொடுத்து, இனி உன்பாடு என்று அனுப்பி விடுதல் வீட்டு மருத்துவம் ஆகாது. தேடிச் செல்லும் காலும், கணக்கு வைக்கும் கையும், இன்சொல் கூறும் நாவும் உடன் வேண்டும். இவ்வரம்பை மறந்த இடங்களில் நோயாளர் மருந்தை இடையில் நிறுத்தினர், நோய் மீண்டது, மருந்துக்கு அடங்காத கிருமியும் பெருகிற்று.

மருந்தைத் தவறாது உண்ணச் செய்வது எவ்வாறு என்னும் வினாவைச் சென்னை நிலையம் அடுத்து எடுத்துக் கொண்டது. நாள்தோறும் வீட்டில் உண்பதற்கு மாறாக, கிழமைக்கு இருமுறை மட்டும் நிலையத்திற்கு வந்து, பணியாளர் கண்முன்னே மருந்தைப் பெற்றால் என்ன என்று சோதித்தனர். அதுவும் நற்பயன் தந்தது என்று 1964ஆம் ஆண்டில் அறிவித்தனர். கண்காணிப்பில் மருந்தளிக்கும் முறை பின்னாளில் உலகெங்கும் பரவியதற்கு அவ்வாராய்ச்சி ஒரு வித்தாயிற்று. உலகின் பல நாடுகளிற் சானடோரியங்கள் படிப்படியாக மூடப்பட்டன. பல, பிற நோய்க்குரிய மருத்துவமனைகளாக மாறின.

சென்னையிற் கண்ட உண்மை சிற்றூர்களை அடைவதற்கு இன்னும் ஒரு படி வேண்டியிருந்தது. 1959ஆம் ஆண்டில் பெங்களூரில் தேசியக் காசநோய் நிலையம் நிறுவப்பட்டது. சிற்றூர் மக்கள் அறியாமை மிக்கவர், இருமல் வந்தாலும் மருத்துவரை நாடார், அவர்களைத் தேடிச் சென்று கதிர்ப்படம் எடுத்தால்தான் நோய் வெளிப்படும் என்று பலரும் கருதியிருந்த காலம் அது. அந்நிலையத்தார் தும்கூர் மாவட்டத்துச் சிற்றூர்களிற் காசநோய் உடையவரைக் கண்டு, நீங்கள் உடல்நலக் குறைவை உணர்ந்தீர்களா, உணர்ந்தபின் யாது செய்தீர்கள் என்று பரிவோடு வினவினர். கிடைத்த விடை கேட்டவரை நாணச் செய்தது. நோயாளருள் பெரும்பாலோர் தம் உடற்குறையை உணர்ந்தே இருந்தனர். பாதிக்கு மேற்பட்டோர் முன்னரே மருத்துவ நிலையங்களை நாடிச் சென்றும் இருந்தனர். சென்ற இடத்தில் அவர்களுடைய கோழையை எவரும் சோதிக்கவில்லை. இருமல் மருந்து கொடுத்து அனுப்பி விட்டனர். 1963ஆம் ஆண்டில் வெளியான இவ்வாராய்ச்சி, குறை மக்களிடத்தன்று, அவர்களை வரவேற்ற மருத்துவ அமைப்பினிடத்தே என்பதைத் தெளிவாக்கிற்று.

இவ்வுண்மைகளை எல்லாம் அடிப்படையாகக் கொண்டு, 1962ஆம் ஆண்டில் இந்திய அரசு தேசியக் காசநோய்த் திட்டத்தை வகுத்தது. தனி மாளிகைகளை எழுப்புவதற்கு மாறாக, ஏற்கனவே உள்ள ஆரம்பச் சுகாதார நிலையங்களிலேயே இருமலோடு வருவோர் கோழையை நுண்பெருக்கியால் நோக்குதல், நோய் கண்டவர்க்கு வீட்டில் உண்ண மருந்தளித்தல் என்பன அதன் கொள்கைகள். பெங்களூரில் இப்பணியிற் பங்குகொண்ட ஆல்ப்டன் மாலர் என்னும் தென்மார்க்கு நாட்டு மருத்துவர், 1973ஆம் ஆண்டில் உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைமை இயக்குநரானார்.

ஓர் ஆராய்ச்சியின் விடை, அது கேட்ட வினாவிற்கே உரியது என்பதையும் இங்கு மனங்கொள்ளல் வேண்டும். குறைந்த உணவிலும் மருந்து பயன் தரும் என்று சென்னை ஆராய்ச்சி காட்டியதைக் கொண்டு, உணவு வேண்டாப் பொருள் என்று முடிவு கட்டுதல் பிழை. ஜார்க்கண்டு மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் நடைபெற்று 2023ஆம் ஆண்டில் வெளியான ஆராய்ச்சி ஒன்று வேறொரு வினாவைக் கேட்டது. காசநோயாளியின் குடும்பத்தார்க்கும் அரிசி, பருப்பு, நுண்சத்து மாத்திரை ஆகியவற்றைத் திங்கள்தோறும் அளித்தால், அவர்களுக்கு நோய் வாராமற் காக்கலாமா என்பதே அது. ஏறத்தாழ 2,800 நோயாளரின் குடும்பத்தாராகிய 10,000-க்கு மேற்பட்டோர் அதில் இடம் பெற்றனர். உணவு பெற்ற குடும்பங்களில் புதிதாக நோயுற்றோர் தொகை, பெறாத குடும்பங்களைவிட 100-க்கு 39 பங்கு குறைந்திருந்தது. நோயைத் தீர்ப்பது மருந்து. நோயை வரவிடாமற் காப்பதில் உணவுக்கும் பெரும்பங்கு உண்டு. இரண்டு உண்மைகளும் ஒன்றையொன்று மறுப்பன அல்ல.

கட்டிலின் பயனும் அவ்வாறே மறுபடியும் ஆராயப்பட்டது. மருந்துண்ணத் தொடங்கியும் இறப்போருள் பெரும்பாலோர், முதல் இரு திங்களுக்குள்ளே இறக்கின்றனர். மிக மெலிந்தும் மூச்சுத் திணறியும் வருவோர்க்கு வீட்டு மருத்துவம் மட்டும் போதாது. ஆகவே 2022ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் ‘காசநோய் இறப்பிலாத் திட்டம்’ தொடங்கப்பட்டது. அதன்படி, நோய் கண்டறியப்பட்ட உடனேயே நோயாளியின் உயரத்தையும் எடையையும் அளக்கின்றனர். மூச்சின் விரைவையும் குருதியில் உள்ள உயிர்வளியின் அளவையும் பார்க்கின்றனர். துணையின்றி எழுந்து நிற்க இயலுமா என்று நோக்குகின்றனர். இவை ஆரம்பச் சுகாதார நிலையத்துப் பணியாளரே செய்யக்கூடிய எளிய சோதனைகள். நிலை கடுமையாக உள்ளவரை மருத்துவமனையிற் சேர்க்கின்றனர். ஏனையோர் வீட்டில் இருந்தே மருந்துண்கின்றனர். எல்லோர்க்கும் கட்டில் என்பது ஒரு காலம். பெரும்பாலோர்க்குக் கட்டில் வேண்டா என்று கண்டது ஒரு காலம். யாருக்குக் கட்டில் வேண்டும் என்று அளந்தறிந்து அளிப்பது இக்காலம்.

1956ஆம் ஆண்டில் தோன்றிய அந்நிலையம், தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்னும் பெயரோடு சென்னைச் சேத்துப்பட்டில் இன்றும் பணியாற்றி வருகின்றது. மருந்துண்ணும் காலம் ஓராண்டிலிருந்து ஆறு திங்களாகக் குறைந்துள்ளது. எனினும் காசநோய் இன்னும் நாட்டை விட்டு நீங்கவில்லை. உலகில் இந்நோயுற்றோர் மிகுதியாக உள்ள நாடு இந்தியாவே. ஆதலின் இரண்டு கிழமைக்கு மேல் இருமல் நீடிப்பவர் தம் கோழையைச் சோதித்துக் கொள்ளுதல் கடமையாகும். நோயுற்றவரை ஒதுக்காமல், மருந்தை இறுதிவரை உண்ணுமாறு துணை நிற்றல் உற்றார் உறவினர் கடமையாகும்.

அன்பு உயர்ந்த பண்பு. ஆயின் ஆராயாத அன்பு வழி தவறுதலும் உண்டு. நோயாளியைச் சானடோரியத்திற்கே அனுப்புதல் வேண்டும் என்றவரும் அன்பினாலேதான் கூறினர். அவ்வன்பு கட்டில் பெற்ற ஒருவனைக் கண்டது, வாயிலில் நின்ற நானூறு பேரைக் காணவில்லை. அந்நானூறு பேரும் பிழைக்க வழியுண்டு என்று காட்டியது புதியதொரு மருந்தன்று. முன்னரே இருந்த மருந்தை எங்கே, எவ்வாறு, யார் கையால் கொடுப்பது என்று நடுவுநிலையோடு ஆராய்ந்த அறிவும், வெயிலிலும் மழையிலும் வீடுவீடாக நடந்த பணியாளரின் கால்களுமே அவ்வழியைத் திறந்தன. வள்ளுவர் நான்காம் கூற்றை இறுதியில் வைத்தது, அது கடைப்பட்டது என்பதனாலன்று. முன்னைய மூன்றும் அதன்கண் வந்து முடிந்த பின்னரே நோயாளி நலம் பெறுகின்றான் என்பதை உணர்த்தவே எனக் கொள்ளுதல் பொருந்தும்.